கோரை முளைத்த சரிவு

என் வீட்டுக்காரர்மேல் தண்ணீர்த் திருட்டுப் பழி விழுந்த வருஷமும் எனக்கு நல்ல பெயர் வந்த வருஷமும் ஒன்றுதான். ஒரே வீட்டில் ஒருவருக்குக் கைதட்டல், ஒருவருக்குக் காறித் துப்பல். இரண்டுக்கும் நடுவில் நான் இருப்புக்கொள்ளாமல் அலைந்தேன். கழுவிய கோப்பையையே மறுபடி கழுவுவேன். உட்கார்ந்த நாற்காலி சூடாவதற்குள் எழுந்துவிடுவேன்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். யாரிடம் சொன்னாலும் "ஓ, மரம் நடறீங்களா?" என்று கேட்டு என் வாயைக் கிளறுகிறார்கள். மரம் நடுகிற ஆட்கள் வேறு. எந்த மரத்தை எங்கே நடவேண்டும் என்று சொல்வதுதான் என் வேலை. எங்கள் ஊருக்கு மேலே இருந்த காட்டை லாரி லாரியாக வெட்டிக் கொண்டுபோனார்கள். மிச்சம் இருந்ததைத் தீ தின்றது. கருகி நின்ற மரங்களை ஏற்றிப்போகச் சில வருஷம் கழித்து மறுபடி லாரிகள் வந்தன. மொட்டையாகிப்போன அந்த மலையில் மறுபடி காடு வரவேண்டுமென்றால், கைக்கு அகப்பட்ட கன்றைக் குழி தோண்டி வைத்தால் போதாது. தரையில் என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும். நான் ஒரு மரச் சட்டத்தைத் தரையில் போட்டு, முழங்காலிட்டு, அதற்குள் எந்தெந்தச் செடிகள் சேர்ந்து குடியிருக்கின்றன என்று பார்ப்பேன். இந்தப் பெரணியும் அந்தப் பாசியும் மெல்லிய நிழல்புல்லும் ஒன்றாக இருந்தால் அங்கே ஓக் மரம் வரும். கோரையும் குதிரைவால் செடியும் ஈரப்புதினாவும் ஒன்றாக இருந்தால் அடியில் தண்ணீர் ஓடுகிறது. அங்கே ஆல்டரும் வில்லோவும்தான் பிழைக்கும். ஒற்றைச் செடியை நம்பமாட்டேன். அது பறவை எச்சத்தில் விழுந்து வந்திருக்கலாம். கூட்டமாக இருந்தால்தான் அதன் பேச்சை எடுத்துக்கொள்வேன். "வாடகைக்கு வீடு பாக்கறவன் அக்கம்பக்கத்துல விசாரிக்கிற மாதிரி" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

அவர் நீர் வழங்கல் அலுவலகத்தில் குழாய் மேற்பார்வையாளர். மலைமேல் உள்ள நீர்த்தேக்கத்திலிருந்து ஊருக்கு வரும் பெரிய குழாய்கள் எல்லாம் அவர் பொறுப்பு. ஒரு நீளமான கம்பியைத் தரையில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்து, அடியில் எங்காவது தண்ணீர் கசிகிறதா என்று கேட்பார். நான் எந்நேரமும் குனிந்தபடி நடப்பேன், அவர் எந்நேரமும் தலையைச் சாய்த்தபடி நடப்பார். எங்கள் வீட்டில் நேராக நடப்பது எங்கள் மகள் மட்டும்தான்.

சில வருஷமாகவே மேலே திறந்துவிட்ட தண்ணீரும் கீழே வந்து சேர்ந்த தண்ணீரும் ஒத்துப்போகவில்லை. மழை பெய்த காலத்தில் யாரும் கண்டுகொள்ளவில்லை. இந்தக் கோடையில் வானம் கையை விரித்துவிட்டது. ஊரில் தண்ணீரை முறை வைத்து விட்டார்கள். குழாயடியில் வாளியோடு நின்றவர்கள், எங்கே போகிறது நம் தண்ணீர் என்று கேட்க ஆரம்பித்தார்கள். கேள்வி அலுவலகத்துக்குள் போனது. போன வேகத்தில் ஒரு பதிலும் வெளியே வந்தது: குழாய்க்குப் பொறுப்பானவர் யாருக்கோ திருட்டு இணைப்புக் கொடுத்திருக்கிறார்.

அந்தப் பதிலை யார் முதலில் சொன்னது என்று தெரியவில்லை. ஆனால் எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. கடைத்தெருவில் அவர் நடந்துபோனால் பேச்சு நிற்கும். அவருடைய அக்கா எனக்குப் போன் செய்து அழுதாள். "சின்ன வயசுல கீழ கிடந்த பழத்தக்கூட எடுக்கமாட்டான் அவன். என் தம்பிய இப்படிப் பேசறாங்களே, நீ சும்மாவா இருக்கே?" என்றாள். சும்மா இல்லை அண்ணி, கோப்பை கழுவிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல வந்ததை விழுங்கினேன். வியாழக்கிழமை விசாரணை வைத்திருந்தார்கள். அன்றைக்கு அவர் கையில் காட்டுவதற்கு ஒன்றும் இல்லாவிட்டால் வேலை போகும். பெயர் ஏற்கனவே போய்க்கொண்டிருந்தது.

அவரோ வாயே திறக்கவில்லை. சாப்பிட்டார், தட்டைக் கழுவினார், ஜன்னலோரம் உட்கார்ந்தார். கல்லுளிமங்கன்.

இனி என் நல்ல பெயரின் கதை. வறட்சியில் மலை முழுவதும் பழுப்பேறிக் கிடந்தபோது ஒரே ஒரு சரிவு மட்டும் பச்சைப்பசேல் என்று இருந்தது. கோரை, குதிரைவால், ஈரப்புதினா, எல்லாம் இடுப்புயரத்துக்கு. அந்த இடத்தை இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே ஈரக்காட்டுக்கு உரியது என்று அடையாளம் காட்டியவள் நான். என் பேச்சை நம்பி ஆல்டர், வில்லோக் கன்றுகளாலேயே அந்தச் சரிவை நிரப்பினார்கள். மற்ற இடங்களில் கன்றுகள் கருகியபோது இங்கே ஒன்றுகூடச் சாகவில்லை. எங்கள் காடு மீட்புத் திட்டத்தின் தலைவர் பூரித்துப்போனார். எதைச் சொன்னாலும் "எவ்வளவு?" என்று கேட்பதால் அவருக்கு அளவுகோல் என்று பெயர். அந்த அளவுகோலே, அளக்காமல் என்னைப் புகழ்ந்தார். திட்டத்துக்குப் பணம் தருகிறவர்கள் சனிக்கிழமை பார்க்க வருகிறார்கள், நீங்கள்தான் சுற்றிக்காட்ட வேண்டும் என்றார்.

செவ்வாய்க்கிழமை வீட்டில் இருக்கமுடியாமல் சரிவுக்குப் போனேன். வருகிறவர்களுக்குக் காட்ட ஓர் அழகான இடம் தேடுகிறேன் என்பது சாக்கு. உண்மையில், ஜன்னலோரம் காலியாகக் கிடந்த அவருடைய நாற்காலியைப் பார்க்கச் சகிக்கவில்லை.

சட்டத்தைப் போட்டேன். மண்டியிட்டேன். கோரை, குதிரைவால், புதினா. பார்த்ததுதான். கையால் கோரையை விலக்கினேன். எதற்காக விலக்கினேன் என்று கேட்டால், கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான். கோரையின் அடியில், சேற்றோடு சேறாக, கறுத்த தண்டுகள் கிடந்தன. ஒன்றை முறித்து முகர்ந்தேன். ஹீதர். காய்ந்த மண்ணில் மட்டுமே வளர்கிற குத்துச்செடி. ஈரம் பட்டால் அதற்கு ஆகாது. அடிக்கட்டை தீயில் கரிந்திருந்தது, சரி. ஆனால் அந்தக் கரியிலிருந்து புதுத் துளிர்கள் விட்டு, நன்றாக நீண்டு, அதன் பிறகு அழுகிச் செத்திருந்தன.

தீ அணைந்த பிறகும் இந்த மண் காய்ந்த மண்ணாகத்தான் இருந்திருக்கிறது. ஹீதர் துளிர்த்து வாழ்ந்திருக்கிறது. தண்ணீர் அதற்குப் பிறகுதான் வந்திருக்கிறது.

சட்டத்தை வேறிடத்தில் போட்டேன். அங்கேயும் அதே கதை. இன்னொரு இடம். அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. ஈரக்காடு என்றால் அதில் நிதானமாக வரும் செடிகளும் இருக்கும். எறும்பு சுமந்த விதையில் முளைத்து, ஒரு தலைமுறைக்கு ஒரு முழம் நகர்கிற செடிகள். இங்கே அவற்றில் ஒன்றுகூட இல்லை. இருந்தவை அத்தனையும் காற்றில் பறந்து வந்து, ஈரத்தைக் கண்டதும் கூடாரம் அடித்தவை. கூட்டம் பொய் சொல்லவில்லை. இங்கே ஈரம் இருக்கிறது என்று சொன்னது, உண்மைதான். எப்போதிலிருந்து என்றும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறது. நான் மேல்மாடியை மட்டும் பார்த்துவிட்டு வீட்டையே பார்த்ததாக ஊருக்குச் சொல்லியிருக்கிறேன்.

மழையே இல்லாத கோடையில் வந்து கொட்டுகிற தண்ணீர், லாரிகள் போன பாதைக்குக் கீழே. இதைப் புரிந்துகொள்ளக் குழாய்க்காரனின் மனைவியாக இருக்கவேண்டிய அவசியமில்லை. ஆனால் நான் குழாய்க்காரனின் மனைவி.

பச்சை எங்கே தொடங்குகிறது என்று பார்த்துக்கொண்டே மேலே ஏறினேன். ஏறினேன் என்றா சொன்னேன், ஓடினேன். லாரிச் சக்கரத் தடத்துக்குப் பக்கத்தில் பாசி மூடிய இரும்பு மூடி ஒன்று இருந்தது. பழைய வால்வுத் தொட்டி. புதுக்குழாய் சாலையோரமாகப் போனதும் காட்டுக்குள் இருந்த பழைய குழாயை அடைத்துவிட்டார்கள் என்று அவர் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. அடைத்தது காகிதத்தில் மட்டும்தான் போலிருக்கிறது. காதை வைத்தேன். அடியில் தண்ணீர் சலசலவென்று ஓடியது. ஊர் வாளியோடு நிற்கிறது, இங்கே என் வில்லோக்கள் குடிதண்ணீர் குடித்துக் கொழுத்திருக்கின்றன.

ஓடிப்போய் அவரிடம் சொல்லவேண்டும், கிடைத்துவிட்டது என்று கத்தவேண்டும் என்று எழுந்தேன். எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தேன். மூடியின் மேலிருந்த பாசி ஓரம் முழுக்கப் பழுப்பாக இருந்தது. விரலால் தூக்கினேன். முழுப் பாளமாகக் கையோடு வந்தது. யாரோ அதை எடுத்துவிட்டு மறுபடி அதே இடத்தில் வைத்திருக்கிறார்கள். அடியில் இரும்பில் வால்வுச் சாவி உரசிய கீறல் பளபளத்தது.

பாசியைப் பிய்க்காமல் பாளமாக எடுத்துத் திரும்ப வைக்க இந்த ஊரில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று நான். இன்னொருவருக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். வைத்த பிறகு நன்றாக அழுத்தவேண்டும் என்றும் சொல்லியிருந்தேன். அதை மட்டும் மறந்துவிட்டார்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. அவர் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தது நல்லதாகப் போயிற்று.

"எப்பக் கண்டுபிடிச்சீங்க?" என்றேன்.

"எத?"

"ஏங்க, என் கோபத்தக் கிளப்பாதீங்க. பாசிய அழுத்தாம வச்சுட்டு வந்திருக்கீங்க."

கத்தியைக் கீழே வைத்தார். வெங்காயத்தால் கண்ணில் தண்ணீர் நின்றது. வெங்காயத்தால்தான் என்று நினைக்கிறேன். "போன மாசம் நீ போன்ல ஒரு போட்டோ காட்டினியே, மலையெல்லாம் காஞ்சு கிடக்க அது மட்டும் பச்சையா... அப்பவே மனசுல தட்டிடுச்சு. மறுநாள் போய்ப் பாத்தேன்."

"ஒரு மாசமா தெரியும். ஒரு மாசமா ஊரே உங்களத் திருடன்னு சொல்லுது."

"சொன்னா சொல்லிட்டுப் போறாங்க."

"ஏன் மூடல?"

"மூடினா அத்தன கன்னும் ஒரே வாரத்துல காஞ்சுடும். இந்த வெயில்ல பிடுங்கி வைக்கவும் முடியாது. இல உதிர்ந்து கன்னெல்லாம் தூங்குறப்ப பிடுங்கினா பொழைக்கும்னு நீதானே சொல்வே. அதுவரைக்கும் தள்ளலாம்னு பாத்தேன்."

"விசாரண வியாழக்கிழம."

"தெரியும்."

"வேல போயிடும்."

"வேற வேல பாத்துக்கலாம்." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அந்தச் சரிவப் பத்திப் பேசறப்ப உன் முகம் எப்படி இருக்குன்னு உனக்குத் தெரியாது. கல்யாணமாகி இத்தன வருஷத்துல அப்படி ஒரு முகத்த நான் பாத்ததில்ல. அத எப்படி என் கையால மூடறது?"

வேறு எவளாக இருந்தாலும் உருகியிருப்பாள். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. நறுக்கிய வெங்காயத்தை அப்படியே அள்ளிக் குப்பையில் கொட்டினேன். "என்னக் கேட்டீங்களா? நாலு கன்னுக்காக எம்புருஷன் திருடனா நிக்கணும்னு நான் கேட்டேனா? ஊர்ல குழந்தை குட்டியெல்லாம் தண்ணிக்கு நிக்குது, என் செடிக்கு நீங்க தானம் பண்ணிட்டு இருக்கீங்களா? நான் அவ்வளவு அற்பமா உங்களுக்கு?"

"இதத்தான் சொல்லுவேன்னு தெரியும். அதனாலதான் கேக்கல."

அன்றைக்குச் சாப்பாட்டுக்கு வெங்காயமில்லாத குழம்பு.

காலையில் முதல் வேலையாக அளவுகோலின் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. செத்த ஹீதர் தண்டுகளை அவர் மேஜையில் போட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டுக்காரருக்கு முன்னாலேயே தெரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் ஒரு தண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"அப்போ நம்ம முறையே தப்பா?"

"முறை சரிதான் சார். நான் அவசரப்பட்டுப் பாதியில நிறுத்திட்டேன். அது காஞ்ச சரிவு. ஓக் வச்சிருக்கணும்."

"எவ்வளவு கன்னு போகும்?"

"எல்லாம்."

எழுந்து ஜன்னல் பக்கம் போனார். வந்தார். மறுபடி போனார். என் வியாதி அவருக்கும் தொற்றிக்கொண்டது. "சனிக்கிழம முடியட்டுமே. அவங்க வந்து பாத்துட்டுப் போயிடட்டும். பிறகு நாமளே தகவல் கொடுத்துடலாம். இவ்வளவு நாள் ஓடின தண்ணி, இன்னும் சில நாள் ஓடினா என்ன?"

எனக்கு ஆசை வந்தது. இல்லை என்று சொன்னால் அது சுத்தப் பொய். சனிக்கிழமை அந்தப் பச்சைக்கு நடுவில் நின்று, கண்ணில் வியப்போடு கேட்கிற மனிதர்களுக்கு, இதோ பாருங்கள், தரை எப்படிப் பேசுகிறது என்று சொல்லவேண்டும் என்று ஆசை. அந்த ஒரு நாளுக்காக என் முழங்கால் எவ்வளவு தேய்ந்திருக்கிறது! ஆனால் இடையில் வியாழக்கிழமை இருந்தது.

"சார், அவங்க வரட்டும். செத்த கன்னையும் இந்தத் தண்டையும் காட்டி, எங்க தப்புப் பண்ணேன்னு நானே சொல்றேன். வேணாம்னா வேற யாரையாவது சுத்திக்காட்டச் சொல்லுங்க." அவர் பதில் சொல்வதற்குள் நீர் வழங்கல் அலுவலகத்துக்குப் போன் போட்டுவிட்டேன். அவர் முன்னாலேயே.

மதியத்துக்குள் ஆட்களும் மண்வெட்டியுமாக வந்து இறங்கினார்கள். பெண் இன்ஜினியர், வீட்டுக்காரரின் மேலதிகாரி, விசாரணையை நடத்தப்போகிறவரும் அவர்தான். முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் கிடையாது. பின்னாலேயே என் வீட்டுக்காரர், ஆளுயர வால்வுச் சாவியைத் தோளில் சுமந்துகொண்டு. மூடியைப் பார்த்ததும் "அடடே, இங்க ஒரு மூடி இருக்கே!" என்றார். நடிப்பு என்றால் அவருக்கு வேப்பங்காய். நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

தோண்டினார்கள். லாரிச் சக்கரம் போன இடத்தில் குழாயின் இணைப்பு வாயைப் பிளந்துகொண்டிருந்தது. தண்ணீர் பீறிட்டு எல்லோர் காலையும் நனைத்தது. இன்ஜினியர் குனிந்து பார்த்தார். "இவ்வளவுமா இங்க போச்சு?" என்றார். பிறகு எங்கள் இருவர் பக்கமும் திரும்பினார். "எப்பத் தெரிஞ்சுது?"

வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். அவருக்குப் பொய் வராது, வந்தாலும் நிற்காது. அவர் காலைச் சேற்றுக்குள் நன்றாக மிதித்தேன். "நேத்துத்தான் மேடம். நான்தான் பாத்தேன். செடிங்களப் பாத்துக் கண்டுபிடிச்சேன்" என்றேன். என் வரையில் அது உண்மை.

"சரி, மூடுங்க" என்றார் இன்ஜினியர்.

வீட்டுக்காரர் சாவியை வால்வில் மாட்டினார். பிடியைப் பிடித்தார். திருப்பவில்லை. எல்லோரும் காத்திருந்தோம். கீழே சரிவில் ஆல்டர் இலைகள் காற்றில் புரண்டுகொண்டிருந்தன. அவர் அதைப் பார்த்தார், பிறகு இன்ஜினியரைப் பார்த்தார். "மேடம், முழுசா மூடாம, கொஞ்சம்போல விட்டு வச்சா... இல உதிர்ற வரைக்கும்..."

"என்ன உளறறீங்க?" என்றார் இன்ஜினியர். அவர் புருவம் ஏறியதை நான் பார்த்தேன். இன்னும் ஒரு வார்த்தை போனால் எல்லாம் குட்டிச்சுவர்.

நான் போய்ச் சாவியின் பிடியைப் பறித்தேன். அது அசைந்து கொடுக்கவில்லை. துரு. உடம்பையே அதன்மேல் சாய்த்துத் தள்ளினேன். அவர், "விடு, விடு, கை போயிடும்" என்றபடி மறுபக்கம் வந்து பிடித்தார். இருவருமாகச் சுற்றினோம். அடியில் சத்தம் மெலிந்தது. பிறகு கேட்கவே இல்லை.

இன்ஜினியர் தொண்டையைச் செருமினார். ஆட்கள் கேட்கும்படியாகவே, "உங்களத் தப்பா நினைச்சுட்டோம். நாளைக்கு விசாரணை இல்ல. என்னை மன்னிச்சுடுங்க" என்றார். இந்த வார்த்தைக்காக வீட்டுக்காரரின் அக்கா எத்தனை நாள் அழுதிருக்கிறாள். இவர் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. கன்றுகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வீட்டுக்கு வாங்க, வச்சுக்கறேன்" என்றேன். ஆட்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கோடை தொடங்கியபின் முதல் தடவையாக.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரக் கடைசிக்குள் கன்றுகள் தலையைத் தொங்கப் போட்டன. வந்தவர்களுக்கு அதைத்தான் காட்டினேன். அளவுகோல் பக்கத்தில் வந்து நின்றார், அதற்கு அவருக்கு என் நன்றி. அங்கே ஓக் நட்டோம். அது காடாவதற்குள் நாங்கள் யாரும் இருக்கமாட்டோம். அதையெல்லாம் என்னால் தாங்க முடிகிறது. எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட மனிதர், அத்தனை ஏச்சையும் எனக்காக விழுங்கிக்கொண்டிருந்தார். உலகத்துச் செடிகொடியையெல்லாம் படிக்கத் தெரிந்த நான், அந்த முகத்தை ஒரு மாதம் படிக்கவே இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. இன்றைக்கும் அவர் ஜன்னலோரம் பேசாமல் உட்கார்ந்தால், செய்கிற வேலையைப் போட்டுவிட்டுப் போய், "என்னங்க, என்ன?" என்று கேட்கிறேன். அவர், "ஒண்ணுமில்ல, போ" என்கிறார். நான் போவதில்லை.